முட்டை கேட்ட பிள்ளையும் ஆமென் வராத ஜெபமும்

அக்காமார்களே, தங்கச்சிமார்களே, ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். சாட்சி சொல்ல நிக்கிறவங்க வழக்கமா குரலைத் தாழ்த்தி, கண்ணைத் துடைச்சுக்கிட்டு ஆரம்பிப்பாங்க. என்னால அது முடியாது. எனக்கு இன்னும் கோபம் தீரல. கோபத்தோடயே சொல்றேன், ஆண்டவர் அதைப் பார்த்துப்பார்.

போன ஆகஸ்ட் மாசம், நம்ம சபை நடத்துற பெண்கள் பள்ளியில, இங்கிலீஷ் கிளாஸ்ல இருந்து என்னை எடுத்துட்டாங்க. ஒரு கோழிமுட்டைக்காக. பிள்ளையை அடிச்சேனா? இல்ல. பொய் சொன்னேனா? இல்ல. பாடம் நடத்தினேன், அவ்வளவுதான். அதுக்கு என் கையில தையல் ஊசியைக் கொடுத்து, கமிட்டி கூடி முடிவு பண்ற வரைக்கும் நீ சின்னப் பிள்ளைகளுக்குத் தையல் பழக்குன்னு உட்கார வெச்சாங்க. எனக்கு ஒழுங்கா ஒரு பித்தான் தைக்கத் தெரியாது. அதுவும் அவங்களுக்குத் தெரியும்.

என்னைத் தெரியாதவங்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. நான் இந்த மைசூர்லதான் பிறந்து வளர்ந்தேன். கல்யாணம் ஆனதும் மலேயாவுக்குப் போனேன். என் வீட்டுக்காரர் ஈப்போவுல ரயில்வே கிளார்க்கு. அங்கே ஒரு மிஷன் பள்ளியில நான் இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தேன். ஒரே கிளாஸ்ல சீனப் பிள்ளைங்க, மலாய்ப் பிள்ளைங்க, நம்ம தமிழ்ப் பிள்ளைங்க, சிங்களப் பிள்ளைங்க. எந்தப் பாஷையில அர்த்தம் சொல்றது? சொல்ல முடியாது. அதனால சாமானைக் கொண்டுபோவேன். கத்திரிக்காய், குடை, செருப்பு, பூட்டு, எது கிடைக்குதோ அது. சாமான் கைமாறிக் கைமாறிப் போகும். யார் கையில இருக்கோ அவ அதைப் பத்தி இங்கிலீஷ்ல பேசணும். பேசினாத்தான் அடுத்த ஆளுக்குக் கொடுக்கலாம். சிரிப்பும் கும்மாளமுமா இருக்கும். ஆனா வருஷக் கடைசியில அந்தப் பிள்ளைங்க இங்கிலீஷ்ல சண்டை போடும். சண்டை போடத் தெரிஞ்சா பாஷை வந்துடுச்சுன்னு அர்த்தம்.

அப்புறம் அவர் காய்ச்சல்ல போயிட்டார். அங்கே காட்டுக்குள்ள கம்யூனிஸ்ட்காரங்களுக்கும் வெள்ளைக்காரப் பட்டாளத்துக்கும் சண்டை வேற, சாயங்காலம் ஆனா வெளியே தலை காட்ட முடியாது. தனியா ஒருத்தி என்ன பண்ணுவேன்? தம்பி வரச் சொன்னான். கப்பல்ல மெட்ராஸ், அங்கிருந்து ரயில்ல மைசூர். சுதந்திரம் வந்து, மகாராஜாவே கவர்னர் மாதிரி ராஜப்பிரமுகர் ஆகி இருந்த நேரம். நம்ம நாடு, நம்ம ஊர், நம்ம பிள்ளைங்களுக்கு இனிமே நான் சொல்லிக் கொடுப்பேன்னு நெஞ்சு நிறைய வந்தேன். அப்படி வந்தவளுக்கு இங்கே கிடைச்ச மரியாதையைக் கேளுங்க.

வெளிநாட்டு ட்ரெயினிங் இந்த ராஜ்யத்துல செல்லாதாம். வேற பள்ளிக்கூடம் எதுவும் கதவைத் திறக்கல. நம்ம பள்ளியில மட்டும் டெம்பரரின்னு எடுத்தாங்க, அதுவும் நம்ம சபைப் பொண்ணுங்கிறதால. ஜூன் மாசம் முதல் நாளே ஸ்டாஃப் ரூம்ல ஒரு டீச்சர் கேட்டா, "மலேயாவுல தோட்டக் கூலிங்களுக்குத்தானே சொல்லிக் கொடுத்தீங்க?" ஆமா, கூலி வேலை பார்த்தவங்க பிள்ளைங்களும் இருந்தாங்க. அவங்க பிள்ளைங்க பிள்ளைங்க இல்லையா? இங்கே எப்படிப் பாடம் நடக்குது தெரியுமா? ஒருத்தி ஒரு வரி படிப்பா, டீச்சர் கன்னடத்துல அர்த்தம் சொல்லுவாங்க, எல்லாரும் அதைக் கோரஸாக் கத்துவாங்க. மணி அடிக்கும். வருஷம் முழுக்க இதே. ஒரு பிள்ளைக்காவது "எனக்குத் தண்ணி வேணும்"னு இங்கிலீஷ்ல கேட்கத் தெரியாது. இவங்க என்னை ஏளனம் பண்ணாங்க!

என் கிளாஸ்ல வேதவல்லின்னு ஒரு பிள்ளை. மேல்கோட்டைப் பக்கத்து ஐயங்கார் வீடு, அப்பா இங்கே வக்கீல். வீட்டுல தமிழ், வெளியே கன்னடம். பிள்ளைக்குத் திக்குவாய். எந்தப் பாஷையிலயும் வாயைத் திறக்காது. கோரஸ்ல உதடு மட்டும் அசையும். அது பேசாதுன்னு எல்லா டீச்சரும் ஒதுக்கி வெச்சிருந்தாங்க. நான் பேச வெச்சுடுவேன்னு சவால் எல்லாம் விடல. சாமானைக் கொண்டுபோனேன், அவ்வளவுதான். எலுமிச்சம்பழம் அவ கைக்கு வரும், உதடு துடிக்கும், பக்கத்துல தள்ளிடுவா. நானும் விட்டுடுவேன்.

அன்னைக்கு முட்டை கொண்டுபோனேன். நானும் மைசூர்ல வளர்ந்தவதானே, எனக்குத் தெரியாதா யார் வீட்டுல முட்டை நுழையும், யார் வீட்டுல நுழையாதுன்னு? ஈப்போவுல மலாய்ப் பிள்ளைங்க இருக்கிற கிளாஸுக்குப் பன்றிக் கொழுப்பு வாசனை பட்ட எதையும் கொண்டுபோனதில்ல நான். அதனால முட்டையை நம்ம கிறிஸ்தவப் பிள்ளைங்க பெஞ்சுக்கு மட்டும் கொடுத்தேன். அங்கேயே சுத்தி வரட்டும்னு. நம்ம பிள்ளைங்க ஒவ்வொண்ணாச் சொல்லுதுங்க. வெள்ளையா இருக்கு, உருண்டையா இருக்கு, கோழி போட்டது, எனக்கு இதைப் பொரிச்சுச் சாப்பிடப் பிடிக்கும். கிளாஸே சிரிக்குது.

அப்போ வேதவல்லி எழுந்து நின்னா. எழுந்து நின்னு கையை நீட்டினா.

நான் தலையை ஆட்டினேன், உனக்கு வேண்டாம்மான்னு. அவ கையை மடக்கல. நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க? அத்தனை மாசம் எதையும் கேட்காத பிள்ளை ஒண்ணைக் கேட்குது. கொடுத்தேன். கையில வாங்கினா. வாயைத் திறந்தா. திக்கித் திக்கித்தான் வந்துச்சு, ஆனா முழு வாக்கியம். "இட் இஸ் வெரி லைட், மிஸ்." இவ்வளவு லேசா இருக்கேன்னு அந்தப் பிள்ளைக்கு அவ்வளவு ஆச்சரியம். பிறந்ததுல இருந்து முட்டையைத் தொட்டதே இல்லையே! அந்த ஆச்சரியத்துலயே கை நழுவி முட்டை கீழே விழுந்து உடைஞ்சுது. எல்லாரும் அய்யோன்னாங்க. அவ மட்டும் என்னை நேராப் பார்த்து, "இட் இஸ் ப்ரோக்கன், மிஸ்"னா. நான் கைதட்டினேன். தரையில முட்டை, நான் கைதட்டிக்கிட்டு நிக்கிறேன்.

அந்த நேரம் பார்த்து வெராண்டாவுல வந்தார் நம்ம கமிட்டி செக்ரட்டரி ஐயா. தரையைப் பார்த்தார், வேதவல்லி கையைப் பார்த்தார், முகம் வெளுத்துப் போச்சு.

மறுநாள் வேதவல்லி வரல. அதுக்கு மறுநாளும் வரல. போச்சு, எல்லாம் போச்சுன்னு ஆரம்பிச்சாங்க. பெரிய இடத்துப் பிள்ளை கையில முட்டையைக் கொடுத்தாச்சு, இனி அக்ரஹாரத்துப் பிள்ளை ஒண்ணும் நம்ம பள்ளிக்கு வராது, மதம் மாத்தப் பார்க்கிறாங்கன்னு பேர் வரும், பள்ளியே இழுத்து மூட வேண்டியதுதான். செக்ரட்டரி ஐயா தானே வக்கீல் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுட்டு வந்தார். வக்கீல் ரொம்பக் கோபமா இருக்கார்னு சொன்னார். நான் பெரிய மிஸ்கிட்ட, அதாவது நம்ம ஹெட்மிஸ்ட்ரஸ்கிட்ட, "நான் போய் அந்தப் பிள்ளையோட அம்மாகிட்ட பேசறேன்"னு கேட்டேன். "போய் இன்னும் கெடுக்காதீங்க, சுகிர்தம்"னாங்க. மறுநாள் என் கையில ஊசி நூல்.

வீட்டுக்கு வந்தா அங்கே ஒரு கதை. தம்பி நல்ல பிள்ளை. அவன் பெண்சாதி தட்டுல சோத்தைப் போட்டுக்கிட்டே, "போனாப் போகுது அண்ணி, நீங்க அடுப்படியைப் பார்த்துக்கிட்டா எனக்கும் கை ஓய்வா இருக்கும்"னா. ஆறுதலாச் சொன்னாளோ, கணக்காச் சொன்னாளோ, ஆண்டவருக்குத்தான் வெளிச்சம். இனி என் வாழ்நாள் முழுக்க இதுதானா? தம்பி வீட்டு அடுப்பும், ஒரு ஓரத்துல என் பாயும்? அந்த இங்கிலீஷ் கிளாஸ் போச்சுன்னா எனக்குன்னு இந்த உலகத்துல வேற எதுவும் இல்ல. வீட்டுக்காரர் இல்ல, பிள்ளை குட்டி இல்ல, தொழில்னு ஒண்ணு இருந்துச்சு, அதையும் பிடுங்கிட்டாங்க.

ஜெபம் பண்ணேன். எப்படி? நல்ல பிள்ளையாட்டம். உம்முடைய சித்தம் ஆகட்டும், எனக்குப் பொறுமையைத் தாரும், என்னைத் தாழ்த்தும். ஒரு பதிலும் இல்ல. கதவைத் தட்டிட்டுத் தட்டினது நான் இல்லைங்கிற மாதிரி நின்னா யார் திறப்பா?

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம். செக்ரட்டரி ஐயா வீட்டுல. வேற எங்கே போவேன், என் சபை அதுதானே. போய் ஒரு ஓரமா முழங்கால் போட்டேன். பாட்டு முடிஞ்சு ஒவ்வொருத்தரா ஜெபிக்கிறாங்க. ஐயா வீட்டம்மா, நம்ம தேவநேசம் அக்கா, அவங்க முறை வந்துச்சு. வருத்தப்படாதீங்க அக்கா, உங்களை முன்னால உட்கார வெச்சுக்கிட்டேதான் சொல்றேன், பின்னால போய்ப் பேசல.

அக்கா கண்ணை மூடிக்கிட்டு ஆரம்பிச்சாங்க. "ஆண்டவரே, கடல் கடந்து போய், அந்த ஊர்ப் பழக்கத்தை எல்லாம் சுமந்துக்கிட்டு வந்திருக்கிற ஒரு சகோதரிக்காக மன்றாடுகிறோம். அவங்க பெருமையை உடைத்தருளும். தன்னிஷ்டத்துக்கு நடந்து உம்முடைய ஊழியத்துக்கு இழுக்கைக் கொண்டுவந்த அவங்களுக்கு நல்ல புத்தியைக் கொடும், தகப்பனே." சுத்தி எல்லாரும் ஆமென். ஒருத்தர் விடாம ஆமென்!

எனக்கு எப்படி இருந்திருக்கும்? நம்ம ஆட்களுக்கு இது ஒரு வித்தை. நேர்ல கேட்கத் தைரியம் இல்லாததை எல்லாம் கண்ணை மூடி ஆண்டவர்கிட்ட சொல்ற மாதிரி அடுத்தவ காதுல போடறது. ஜெபத்துக்கு நடுவுல எதிர்த்துப் பேச முடியுமா? முடியாது. அடி வாங்கினவ "ஆமென்" வேற சொல்லணும். மருமகளைத் திட்ட ஜெபம், பக்கத்து வீட்டுக்காரியைக் குத்திக்காட்ட ஜெபம், பாஸ்டர் பெண்சாதி புதுச் சேலை கட்டினா அதுக்கும் ஒரு ஜெபம். எத்தனை வருஷமா இதைப் பண்றோம், ஒரு வெட்கம் இருக்கா நமக்கு?

நான் கண்ணைத் திறந்தேன். எல்லாரும் கண்ணை மூடி இருக்காங்க. அப்படியே கண்ணைத் திறந்து வெச்சுக்கிட்டு, சத்தமா ஜெபம் பண்ணேன். இப்படிச் சொன்னேன்.

"ஆண்டவரே, அந்தச் சகோதரி நான்தான், என் பேர் சுகிர்தம். இவங்களுக்கு என் பேர் சொல்ல வாய் வரல, உமக்கு என்னைத் தெரியும். ஒரு பிள்ளை என்கிட்ட முட்டை கேட்டுச்சு. நான் முட்டையைக் கொடுத்தேன். முட்டை கேட்கிற பிள்ளைக்கு எந்தத் தகப்பன் தேளைக் கொடுப்பான்னு வேதத்துல நீரே கேட்டிருக்கிறீர். நான் தேளையா கொடுத்தேன்? அந்தப் பிள்ளை பேசினாள். அதுக்காக என்னை எடுத்துட்டாங்க, உம்ம பேரால எடுத்துட்டாங்க. எனக்குப் பொறுமை வேண்டாம். நான் தாழ்மையா இருந்து பார்த்தாச்சு. எனக்கு என் கிளாஸ் வேணும். அந்தப் பிள்ளையை எனக்குத் திருப்பித் தாரும். நீர் நியாயாதிபதின்னா வந்து நியாயம் பண்ணும். வரலைன்னா அதையும் நேரா சொல்லிடும், நான் போய் அடுப்பை ஊதறேன். ஆமென்."

யாரும் ஆமென் சொல்லல. நான் எழுந்து செருப்பை மாட்டிக்கிட்டு வந்துட்டேன். உபவாசம் முடிக்கிற கஞ்சி கூடக் குடிக்கல. வழி நெடுக அழுதேன். ஜட்காக்காரர் ஒருத்தர் வண்டியை நிறுத்தி, "ஏனாயித்தம்மா?", என்ன ஆச்சும்மான்னு விசாரிச்சார். ஒண்ணும் இல்லப்பான்னேன். ஆனா சொல்றேன், கேளுங்க, நெஞ்சுல இருந்த கல்லு இறங்கி இருந்துச்சு. வீட்டுக்காரர் இல்லாம போன நாள்ல இருந்து அவ்வளவு நேரா ஆண்டவர்கிட்ட நான் பேசினதே இல்ல.

அடுத்த திங்கட்கிழமை கமிட்டி. பெரிய மிஸ் ரூம்ல செக்ரட்டரி ஐயாவும் மத்தவங்களும் உட்கார்ந்திருக்காங்க. என்னைக் கூப்பிட்டு, நீங்களா ராஜினாமா பண்ணிட்டா கௌரவமா இருக்கும்னு ஆரம்பிச்சார் ஐயா. ராஜினாமா வார்த்தை அவர் வாயில இருக்கிறப்பவே வாசல்ல வண்டிச் சத்தம். மடிசார் கட்டிக்கிட்டு ஒரு அம்மா, கூடவே வேதவல்லி. கமிட்டி இன்னைக்கின்னு அவங்களுக்கு யார் சொன்னது? யாரும் சொல்லல. கமிட்டின்னு ஒண்ணு இருக்கிறதே அவங்களுக்குத் தெரியாது.

ஐயா பதறி எழுந்து நாற்காலியைப் போட்டார். அந்த அம்மா உட்காரல. வாசற்படியிலயே நின்னுக்கிட்டு, "இங்கிலீஷ் மிஸ் யாரு?"ன்னாங்க. நான்தான்னேன். "ஏன் நீங்க கிளாஸுக்கு வர மாட்டேங்கறேள்? வெள்ளிக்கிழமை இந்தப் பொண்ணு ஸ்கூலுக்கு வந்தா, கிளாஸ்ல உங்களைக் காணலையாம், ஆத்துக்குத் திரும்பினதுலேந்து அழுதுண்டே இருக்கா. மறுபடி வாயை மூடிண்டுட்டா."

ஐயா நடுவுல புகுந்து, "அம்மா, நடந்ததுக்கு நாங்க ரொம்ப வருத்தப்படறோம், உங்க வீட்டுல கோபம்னு தெரியும், அதனாலதான் நடவடிக்கை எடுத்திருக்கோம்"னார்.

அந்த அம்மா முழிச்சாங்க. "நாங்க எப்போ கோச்சுண்டோம்?"

"முட்டை உடைஞ்ச மறுநாள்ல இருந்து பிள்ளை ஸ்கூலுக்கு வராம நின்னுட்டாளே அம்மா?"

"மாமனாருக்கு ஸ்ராத்தம். எல்லாருமா மேல்கோட்டை போயிருந்தோம். அதுக்கும் இதுக்கும் என்ன?"

பிள்ளை வராததுக்குக் காரணம் தாத்தா திவசம்! அப்புறம் மெல்ல மெல்ல எல்லாம் வெளியே வந்துச்சு. முட்டை விஷயத்தை வக்கீலுக்கு முதல்ல சொன்னதே நம்ம ஐயாதான். ஊர்ல இருந்து அப்போதான் திரும்பின மனுஷன் முன்னால போய் நின்னு, உங்க பிள்ளையைத் தீட்டுப்படுத்திட்டோம், மன்னிச்சுக்குங்கன்னு கையைக் கூப்பி இருக்கார். வக்கீலுக்கு ஒண்ணும் புரியல. கன்னடத்துல "ஆயித்து பிடி"ன்னு, சரி விடுங்கன்னு சொல்லி அனுப்பி இருக்கார். அதை ஐயா பெருங்கோபம்னு எடுத்துக்கிட்டு வந்துட்டார்.

"எங்காத்துக்காரருக்கு அது பிடிச்சதுன்னு சொல்லலை" அப்படின்னாங்க அந்த அம்மா. "எனக்கும் பிடிக்கலை. குளிக்கச் சொன்னேன், குளிச்சா, முடிஞ்சு போச்சு. ஆனா முட்டை உடைஞ்ச அன்னிக்குச் சாயங்காலம் இவ ஆத்துக்கு வந்து எங்கிட்ட என்னமோ இங்கிலீஷ்ல சொன்னா. எனக்குப் புரியலை. இவ பேசறாளேன்னு கேட்டுண்டே நின்னேன்." அப்புறம் என் பக்கம் திரும்பி, கறாரா, "முட்டை மட்டும் வேண்டாம், மிஸ். அதை விட்டுடுங்கோ. வேற என்ன வேணுமோ சொல்லி அனுப்புங்கோ, நானே இவகிட்ட கொடுத்தனுப்பறேன்"னாங்க. சரிம்மான்னேன். நான் எதுக்கு மறுக்கப் போறேன்? நேர்ல வந்து, என் முகத்தைப் பார்த்து, வேண்டாம்னு சொன்ன ஒரே ஆள் அவங்கதானே!

அன்னைக்கே தையல் போச்சு, கிளாஸ் வந்துச்சு. தசரா லீவு முடிஞ்சு பள்ளி திறந்தப்போ வேலையைப் பெர்மனென்ட் பண்ணாங்க. வேதவல்லி இப்பவும் திக்குவா. திக்கிக்கிட்டே பேசுவா. போன வாரம் பாகற்காயைக் கையில வெச்சுக்கிட்டு, இது ஏன் எனக்குப் பிடிக்காதுன்னு இங்கிலீஷ்ல ஒரு நீளப் பேச்சு. மணி அடிச்சும் நிறுத்தல.

ஆண்டவர் எனக்குச் செஞ்ச நன்மை இது. அவரைத் தவிர யாருக்கும் நான் நன்றி சொல்ல வேண்டியதில்ல, ஏன்னா இன்னைக்கு வரைக்கும் ஒருத்தரும் என்கிட்ட தப்புன்னு சொல்லல. எல்லாரும் "ஆண்டவர் நல்லவர்"னு கையைக் குலுக்கிட்டுப் போனாங்க. ஆமா, அவர் நல்லவர்தான். நீங்க எப்படி?

எனக்கு எரியறது எது தெரியுமா? அந்த வீட்டுக்காரங்க கோவிச்சுக்கவே இல்ல. அவங்களுக்காக நாம கோவிச்சுக்கிட்டோம். பெரிய ஜாதின்னா இன்னும் நமக்கு முதுகு வளையுது. ஞாயித்துக்கிழமை எல்லாரும் ஆண்டவர் முன்னால சமம்னு பாட்டுப் பாடறோம். திங்கட்கிழமை, யாரும் கேட்காமலே, யாரோ ஒருத்தர் மனசு நோகுமேன்னு நம்ம சகோதரி ஒருத்தியைப் பலி கொடுக்கத் தயாரா இருக்கோம். வெளிநாட்டுல அந்நியர் நடுவுல எனக்கு இது நடக்கல. என் சொந்த ஊர்ல, என் சொந்த சபையில நடந்துச்சு.

என் ஜெபம் மாறிப் போச்சு. இப்போ எல்லாம் நான் ஆண்டவர்கிட்ட சுத்தி வளைக்கிறதில்ல. கோபம்னா கோபம், பயம்னா பயம், சந்தோஷம்னா சந்தோஷம். அவர் கோவிச்சுக்கிட்டதா ஒரு அடையாளமும் இல்ல. உங்கள்ல யாருக்காவது அநியாயம் நடந்திருந்தா, நல்ல பிள்ளை வேஷம் போட்டு ஜெபிக்காதீங்க. நடந்ததை நடந்தபடி, உங்க பேரோட, அவர் முகத்துக்கு நேரா சொல்லுங்க. வண்டி எந்தப் பக்கமிருந்து வரும்னு எனக்குத் தெரியாது. அவர் கேட்கிறார், அது மட்டும் தெரியும். அவரை நம்பி சண்டை போடலாம்.

இப்போ முடிவு ஜெபம். வழக்கமா சாட்சி சொன்னவங்களே ஜெபிப்பாங்க. இன்னைக்குத் தேவநேசம் அக்கா ஜெபிக்கட்டும். வாங்க அக்கா, எழுந்து வாங்க, பயப்படாதீங்க. எனக்காக ஜெபியுங்க, எனக்கு அது தேவைதான். என் பெருமையைப் பத்திச் சொல்லணும்னாலும் சொல்லுங்க. ஆனா ஒரு சகோதரின்னு சொல்லாதீங்க. சுகிர்தம்னு சொல்லுங்க, என் கையைப் பிடிச்சுக்கிட்டு, கண்ணைத் திறந்து வெச்சுக்கிட்டு சொல்லுங்க. முதல் ஆமென் நான் சொல்றேன்.